மெக்சிகோ ஓவியர்களின் நூல் சித்திரங்கள்: மூலத்தை இனங்கண்டு வாங்கிப் பாதுகாக்க

‘ஒரிஜினல்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் இந்தத் துறையில் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். விற்பவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஒரு புத்தகத்துக்காக ஓவியர் மையில் வரைந்த தாளும் ஒரிஜினல்தான். அவர் செதுக்கிய கட்டையிலிருந்து தனியாக எடுத்த அச்சும் ஒரிஜினல்தான். அதே கட்டையை எந்திரத்தில் பூட்டி அடித்த புத்தகப் பக்கத்தையும் அப்படிச் சொல்வதுண்டு. ஓவியர் இறந்து பல ஆண்டு கழித்து அந்தக் கட்டையில் வேறொருவர் மை தடவி எடுத்த அச்சும் அதே பெயரில் வரும். புகைப்பட முறையில் பிளாக் (அச்சுத் தகடு) செய்து அச்சடித்த பக்கத்தைப் புத்தகத்திலிருந்து கத்தரித்துச் சட்டம் போட்டுவிட்டால் அதுவும் ஒரிஜினலாகிவிடுகிறது. விலையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எனவே, யார் வரைந்தது என்று கேட்பதற்கு முன், புத்தகம் உருவான வேலையில் இந்தத் தாள் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று கேளுங்கள். மெக்சிகோவைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி கூடுதல் முக்கியம். அங்கே பெரிய ஓவியர்கள் பலர் மலிவுப் பதிப்புகளுக்கும் துண்டறிக்கைகளுக்கும் பாடநூல்களுக்கும் விரும்பி வேலை செய்தார்கள். அவர்களுடைய கட்டைகள் பல கைகள் மாறி, பல பத்தாண்டுகள் உழைத்தன.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று, முடிந்தால் 30 மடங்கு ஒன்று. மில்லிமீட்டர் அளவுகோல். பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச ஒரு சின்ன டார்ச். ஒரு புற ஊதா டார்ச். இவற்றோடு அந்தச் சித்திரம் வெளியான புத்தகத்தின் ஒரு பிரதி. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். படத்துக்குப் பெருந்தொகை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் அந்தப் புத்தகத்தை வாங்க யோசிப்பார்கள். புத்தகம் பக்கத்தில் இல்லாமல் மூலச் சித்திரத்தைச் சோதிக்கவே முடியாது. முதலில் புத்தகம், பிறகு படம்.

லென்ஸில் என்ன பார்ப்பது

சாம்பல் நிறப் பகுதி ஒன்றை லென்ஸில் பாருங்கள். வரிசை தப்பாத புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் பிளாக் அல்லது ஆஃப்செட் அச்சு; மூலம் இல்லை, அதோடு சோதனை முடிந்தது. கல்லச்சு, அதாவது லித்தோ என்றால் சாம்பல் பகுதியில் ஒழுங்கில்லாத, கிரேயானை மணற்காகிதத்தில் தேய்த்ததுபோன்ற பொரிப்பொரியான துகள்கள் இருக்கும். மை காகிதத்தின் மேல் தட்டையாகப் படிந்திருக்கும்.

லினோகட் (லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் அச்சு), மரச்செதுக்கு, துத்தநாக பிளாக் ஆகிய மூன்றும் மேடான பகுதியில் மை தடவி அழுத்தும் முறைகள். கோட்டின் ஓரத்தில் மை பிதுங்கி மெல்லிய கரும்விளிம்பாக நிற்கும். டார்ச்சைத் தாளுக்கு இணையாகப் படுக்கவைத்துப் பின்பக்கம் பார்த்தால் அழுத்தத்தின் தடம் லேசாகப் புடைத்துத் தெரியும். ஆனால் இந்த விளிம்பு ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். பேனாவால் வரைந்த படத்தைப் புகைப்பட முறையில் துத்தநாகத்தில் ஏற்றிச் செய்த பிளாக்கிலும் இதே விளிம்பு வரும். வேறுபாடு கோட்டின் குணத்தில் இருக்கிறது. உளியால் செதுக்கியதில் வெள்ளைக் கோடுகள் ஒரு முனையில் கூர்மையாகத் தொடங்கி அகன்று முடியும், உளி உள்ளே போய் வெளியே வந்த பாதை தெரியும். பேனாக் கோட்டிலிருந்து செய்த பிளாக்கில் கறுப்புக் கோடுதான் தடித்தும் மெலிந்தும் ஓடும். மேலே மேலே போட்ட குறுக்குக்கோடுகள் சிரமமில்லாமல் வெட்டிக்கொள்ளும். செதுக்குபவருக்கு அந்தக் குறுக்குக்கோட்டின் ஒவ்வொரு சிறு கட்டத்தையும் தனித்தனியே தோண்டி எடுக்க வேண்டும். வேறு வழி இருக்கும்போது யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

பொசாதா: பெயர் பெரியது, வலையும் பெரியது

ஹொசே குவாதலூப்பே பொசாதா 1852இல் அகுவாஸ்கலியெந்தெஸில் பிறந்து, 1888இல் மெக்சிகோ நகரத்துக்கு வந்து, 1913 ஜனவரியில் வறுமையில் இறந்த செதுக்கோவியர். அந்தோனியோ வனேகாஸ் அர்ரோயோ என்ற பதிப்பாளருக்காக அவர் செய்த பாட்டுப் புத்தக அட்டைகள், கதைச் சிறுநூல்கள், ஒற்றைத்தாள் செய்திகள் கணக்கற்றவை. அவற்றைப் பல விற்பனைப் பட்டியல்கள் ‘மரச்செதுக்கு’ என்று போடுகின்றன. பெரும்பாலும் தவறு. அச்செழுத்து வார்க்கும் ஈயக்கலவை உலோகத்தில் உளியால் செதுக்கினார். பின்னாளில் அமிலம் தாங்கும் மையால் துத்தநாகத்தில் நேரே வரைந்து, அமிலத்தில் அரிக்கவைத்தார். விவரிப்பில் ‘மரச்செதுக்கு’ என்று கண்டால், விற்பவர் லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவர் இறந்த பிறகும் அந்த உலோகக் கட்டைகள் பதிப்பாளர் குடும்பத்திடம் இருந்தன, தொடர்ந்து அச்சிடப்பட்டன. 1920களில் ஓவியர் ஜான் ஷார்லோ அவரைப் பற்றி எழுதிக் கவனத்தைத் திருப்பினார். 1930இல் தியேகோ ரிவேராவின் முன்னுரையோடு பெரிய தொகுப்பு வந்தது. அந்தத் தொகுப்பின் பக்கங்கள் கத்தரிக்கப்பட்டு இன்றும் ‘வாழ்நாள் அச்சு’, அதாவது ஓவியர் உயிரோடிருந்தபோது எடுத்தது என்ற பெயரில் சுற்றுகின்றன. பிரித்தறிய இப்படிப் பாருங்கள்:

அவர் காலத்துத் தாள் என்றால் படத்தோடு சேர்ந்து பாட்டோ செய்தியோ அச்செழுத்தில் இருக்கும். அடியில் பதிப்பாளர் பெயரும் தெரு முகவரியும் வரும். சாந்தா தெரேசா, பெனிதென்சியாரியா என்று அச்சகத்தின் முகவரி காலப்போக்கில் மாறியது. தேதியிட்ட தாள்களின் முகவரியோடு ஒப்பிட்டால் ஆண்டை நெருங்கலாம். படம் மட்டும் தனியாக, நாற்புறமும் அகன்ற வெள்ளை ஓரத்தோடு இருந்தால் பிற்கால அச்சு என்ற சந்தேகத்தோடு தொடங்குங்கள்.

அடுத்து கட்டையின் வயது. உலோகத் தகட்டை மரத்துண்டில் ஆணியடித்துத்தான் அச்சில் பூட்டினார்கள். தகடு தேயத் தேய ஆணித்தலைகள் மேலெழும்பி மை வாங்கிச் சிறு வட்டங்களாகப் பதியும், ஓரக்கோடுகள் உடையும், கறுப்புப் பரப்பில் அரிப்பின் பொட்டுகள் தோன்றும். தேதி உறுதியான பழைய பிரதி ஒன்றின் படத்தோடு ஒப்பிட்டு, எந்தக் காயம் எப்போது வந்தது என்று குறித்துவைத்தால் வரிசை தானாகவே கிடைக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகமும் பொசாதா தாள்களை இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. இதில் ஒரு எச்சரிக்கை: வனேகாஸ் அர்ரோயோ ஒரே கட்டையை வெவ்வேறு செய்திக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். ஆகவே செய்தியின் ஆண்டு வேறு, கட்டை செதுக்கிய ஆண்டு வேறாக இருக்கலாம். உலகமே அறிந்த, பொசாதாவின் தொப்பி போட்ட மண்டையோட்டுச் சீமாட்டியும் 1913இல் ஒரு மலிவுத் தாளில்தான் வெளிவந்தாள்.

காகிதம் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சாயமேற்றிய மலிவுச் சரக்கு. சாயம் வெயிலில் வெளுக்கும். முன்பக்கம் வெளுத்து, பின்பக்கம் அல்லது மடிப்பின் உட்பகுதி அடர்ந்து இருந்தால் இயல்பு. இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பளிச்சென்றிருந்தால் கேள்வி கேளுங்கள்.

மக்கள் வரைகலைப் பட்டறையின் லினோகட்

1937இல் லியோபோல்தோ மெந்தெஸ், பாப்லோ ஓஹிக்கின்ஸ், லூயிஸ் அரேனால் தொடங்கிய இந்தப் பட்டறையில்தான் புதிதாகச் சேகரிப்பவர் கால்வைக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. வேலையின் தரம் உயர்ந்தது, அச்சுகள் பரவலாகக் கிடைக்கின்றன, ஆவணங்களும் உண்டு. ஹுவான் தே லா கபாதாவின் கதைக்கு மெந்தெஸ் படம் செய்த ‘இன்சிதெந்தெஸ் மெலோதிகோஸ்’ (1944), பட்டறையின் 85 படங்கள் கொண்ட மெக்சிகப் புரட்சித் தொகுப்பு (1947), அல்ஃப்ரேதோ சால்சேயின் யுகதான் கல்லச்சுகள் (1945) போன்றவை நல்ல தொடக்கம்.

இவர்கள் வேலை செய்தது சுவரொட்டியாக, நூலாக மக்களிடம் போய்ச்சேர. அதனால் கையெழுத்தும் எண்ணும் இல்லாத அச்சுகள் ஏராளம். கையெழுத்து இல்லை என்பதற்காகத் தள்ள வேண்டாம். மாறாக, பழைய மெல்லிய தாளில் புத்தம்புது பென்சில் கையெழுத்தும் எண்ணும் இருந்தால்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் எண்ணிட்ட மறு அச்சு நேர்மையான பொருள்தான், அதற்குரிய விலையில்.

நூலின் கடைசிப் பக்கத்துப் பதிப்புக் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள். ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் சில சொற்கள் போதும். ‘கிராபாதோ’ என்றால் செதுக்கச்சு. ‘லினோலியோ’ லினோகட். ‘திராஹே’ மொத்தப் பிரதி எண்ணிக்கை. ‘ப்ருவேபா தே அவுதோர்’ ஓவியருக்கென ஒதுக்கிய பிரதி. ‘ரெஇம்ப்ரெசியோன்’ மறு அச்சு. ‘ஃபிர்மாதோ என் பிளாஞ்சா’ என்றால் கையெழுத்து கட்டையிலேயே செதுக்கப்பட்டது, கையால் போட்டதில்லை. இந்தக் கடைசிச் சொற்றொடர் தெரியாமல் ‘கையெழுத்துள்ள பிரதி’ என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு.

புத்தகத்துக்காக வரைந்த தாள்

மிகேல் கோவருபியாஸ் (1904–1957) தம் ‘ஐலண்ட் ஆஃப் பாலி’க்கும் (1937) அமெரிக்காவின் லிமிட்டெட் எடிஷன்ஸ் கிளப் வெளியிட்ட பல நூல்களுக்கும் வரைந்தார். சுவரோவியர் ஓரோஸ்கோவின் கோட்டோவியங்கள் ஸ்டைன்பெக்கின் ‘தி பேர்ல்’ (1947) நூலில் இருக்கின்றன. அல்பெர்தோ பெல்த்ரான், மிகேல் லியோன்-போர்த்தில்யாவின் ‘விசியோன் தே லோஸ் வென்சிதோஸ்’ (1959) நூலுக்குப் பழங்கால ஏட்டுச் சித்திரங்களைத் திரும்ப வரைந்து கொடுத்தார். இப்படிப்பட்ட ஒரு தாள் மேசைக்கு வரும்போது, படத்தைப் பார்க்கும் முன் ஓரங்களைப் பாருங்கள்.

அச்சுக்குப் போய்த் திரும்பிய தாள் சும்மா இருக்காது. நான்கு மூலையிலும் வெட்டுக்குறிகள். ஓரத்தில் நீலப் பென்சிலில் ‘ரெதுசிர் ஆ 12’ என்பதுபோல், இத்தனை சென்டிமீட்டருக்குச் சுருக்கு என்ற கட்டளை. ‘பாக்.’ என்று பக்க எண். ‘போர்தாதா’ என்றால் அட்டைக்கு, ‘வினியேதா’ என்றால் அத்தியாயத் தலைப்புக்கான சிறுபடம். பின்பக்கம் பதிப்பகத்தின் முத்திரை, ரப்பர் சிமென்ட் காய்ந்த பழுப்புக் கறை, ஊசித்துளைகள். நீலம் எதற்கென்றால், அந்தக் கால அச்சுக் கேமராவின் ஃபிலிமில் வெளிர்நீலம் வெள்ளைத்தாள்போலவே விழும், தனியாகத் தெரியாது. படத்தைக் கெடுக்காமல் எழுத அதுவே வழி. படத்திலும் பாருங்கள்: கரும்பரப்பு உண்மையில் சீராக இருக்காது, தூரிகை ஓட்டம் தெரியும், தவறிய கோட்டின்மேல் வெள்ளைப் பூச்சு, ஒரு கையோ முகமோ தனித்தாளில் திரும்ப வரைந்து ஒட்டப்பட்டிருக்கும். அச்சில் இவை எதுவும் தெரியாது என்பதால் ஓவியர் மறைக்க மெனக்கெடவில்லை. இந்தக் கறைகளும் ஒட்டுகளும்தான் தாளின் பிறப்புச் சான்று. இவற்றைச் ‘சுத்தம்’ செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

போலிகள் மாட்டுவதும் இங்கேதான். போலி செய்பவர் புத்தகத்தைப் பார்த்து வரைகிறார்; அதனால் படம் பெரும்பாலும் புத்தக அளவிலேயே இருக்கும். உண்மையான மூலம் அச்சைவிடப் பெரிதாக, ஒன்றரை, இரண்டு மடங்காக இருப்பதே வழக்கம். அளவுகோலை வைத்து இரண்டு திசையிலும் விகிதம் ஒன்றாக வருகிறதா பாருங்கள். அடுத்து, அச்சில் வெட்டுப்பட்ட ஓரத்துக்கு அப்பால் மூலத்தில் ஏதாவது தொடர்கிறதா? போலியில் படம் புத்தகம் வெட்டிய இடத்திலேயே முடியும். பிளாக் செய்தபோது உடைந்த மெல்லிய கோட்டைப் போலியும் உடைத்தே வரைந்திருக்கும்; மூலத்தில் அது முழுக்கோடு. இது ஒன்று கிடைத்தாலே போதும், வேறு சான்று வேண்டாம்.

புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். 1950ஐ ஒட்டித்தான் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்ந்தது. 1930இன் படம் என்று சொல்லப்படும் தாள் நீலவெள்ளையாகப் பிரகாசித்தால் விலகிவிடலாம். பிரகாசிக்கவில்லை என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. பழைய புத்தகங்களின் வெற்றுத்தாள்களைக் கிழித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைய சிறுவர் நூல்கள்

இன்று வரையும் ஓவியரிடமோ அவருடைய பதிப்பாளரிடமோ நேரே வாங்குவது மிகவும் பாதுகாப்பான வழி. மெக்சிகோ நகரத்தின் சிறுவர் நூல் கண்காட்சி 1981இலிருந்தும், குவாதலஹாரா புத்தகக் கண்காட்சி 1987இலிருந்தும் நடக்கின்றன. அங்கே ஓவியர்களைப் பார்க்கலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி: கையால் செய்த பகுதி எது? சிறுவர் நூல் ஓவியர் டங்கன் தொனாதியூ கையால் கோட்டோவியம் வரைந்து, நிறமும் இழைவும் கணினியில் சேர்க்கிறார். அச்சுப் பக்கம்போல் ஒரு முழு மூலம் எங்கும் இருக்காது. முழுவதும் கணினியில் செய்த படம் என்றால், கையெழுத்திட்ட நிறமி மை அச்சுதான் கிடைக்கும். எத்தனை பிரதி, எந்தக் காகிதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டமும் சுங்கமும்

மெக்சிகோவின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சில ஓவியர்களின் படைப்பு நாட்டின் கலைச் சின்னம். ரிவேரா, ஓரோஸ்கோ, சிகேய்ரோஸ், ஃப்ரீதா காலோ, டாக்டர் ஆத்ல், வெலாஸ்கோ, சாதுர்னினோ எர்ரான், ரெமெதியோஸ் வாரோ, மரியா இஸ்கியெர்தோ ஆகியோர் அதில் அடக்கம். மெக்சிகோவுக்குள் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாக வெளியே கொண்டுபோக முடியாது. புத்தகத்துக்கான சிறு கோட்டோவியம்தானே என்று சலுகை எதிர்பார்க்க வேண்டாம். ஏற்கெனவே நாட்டுக்கு வெளியே இருப்பதை வாங்கினால், எப்போது எப்படி வெளியேறியது என்ற தாளும் சேர்ந்து வர வேண்டும். பட்டியலில் இல்லாத ஓவியர் என்றாலும் தேசிய நுண்கலை நிறுவனமான இன்பாலிடம் விசாரித்து எழுத்தில் பதில் வாங்கச் சொல்லி விற்பவரைக் கேளுங்கள். 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான அரிய அச்சு நூல்கள், துண்டுநூல்களுக்கும் இதே சட்டத்தில் காப்பு உண்டு. பொசாதாவின் தொடக்ககாலத் தாளை வாங்குபவர் இதை மறக்கக்கூடாது.

படத்தை வாங்கினால் தாள்தான் உங்களுடையது. அச்சிட்டு விற்கும் உரிமை ஓவியரிடமோ வாரிசிடமோ இருக்கும். மெக்சிகோவில் இப்போது காப்புரிமை ஓவியர் இறந்து 100 ஆண்டு.

அஞ்சலில் வரும்போது சுங்கத் தலைப்பு எண்ணைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். கையால் வரைந்தது 9701. ஓவியர் முழுக்கக் கையால் செய்த கட்டை, கல், தகட்டிலிருந்து எடுத்த மூல அச்சு 9702. புகைப்பட முறையில் வந்தது 9702இல் சேராது, அது 4911. புத்தகம் 4901. ‘பிரின்ட்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அதிகாரி தனக்குத் தோன்றியதில் சேர்ப்பார்.

எங்கே தேடுவது

மெக்சிகோ நகரத்தில் தோன்செலெஸ் தெருவின் பழைய புத்தகக் கடைகளும் லாகுனில்யாவின் ஞாயிறு சந்தையும் நடந்தே பார்க்க வேண்டியவை. ஏலத்துக்கு அங்கே மோர்தோன், நியூயார்க்கில் ஸ்வான். ஏலத்தில் கை தூக்கும் முன் வாங்குபவர் கட்டணத்தையும், மெக்சிகோவில் 16 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி எதன்மேல் விழுகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல நூலை உடைத்து ஒவ்வொரு படமாக விற்பவரிடம் வாங்காதீர்கள். லிமிட்டெட் எடிஷன்ஸ் கிளப் நூல்கள் பெரும்பாலும் 1500 பிரதிதான். ஒவ்வொன்று உடையும்போதும் ஒரு முழு நூல் நிரந்தரமாகப் போகிறது. முழு நூலாக வாங்குவது பல சமயம் மலிவும்கூட.

வந்த பிறகு

மலிவுத்தாளில் அமிலம் அதிகம். தானே பழுத்து உடையும். அமிலமற்ற பருத்தி அட்டையில், ஜப்பானியத் தாளில் வெட்டிய இரண்டு சிறு கீல்களைக் கோதுமைப் பசையால் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். நாற்புறமும் ஒட்டினால், ஈரத்துக்கு விரியும் தாள் போக இடமின்றி அலையலையாகும், கடைசியில் கிழியும். செல்லோ டேப், லாமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். அச்சுகளைத் தெளிவான பாலியெஸ்டர் உறையில் போடலாம். கரி, பேஸ்டல், உதிரும் கவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) வண்ணத்தைப் போடக்கூடாது. உறையின் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். சுண்ணம் பூசிய கீறல் அட்டையை வளைத்தால் பூச்சு வெடிக்கும். கனமான அட்டைகளுக்கு நடுவில் படுக்கையாகவே வையுங்கள்.

ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி, ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கட்டும். கடலோர ஊரில் இருப்பவர்கள் வெளிச்சுவரில் மாட்டக்கூடாது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே தக்கைத்துண்டு வைத்துக் காற்றோடவிடுங்கள். வெளிச்சம் 50 லக்ஸ், அதுவும் ஆண்டில் சில மாதம் மட்டும். பொசாதாவின் வண்ணத்தாளுக்கு அதுகூட அதிகம். பெட்டியில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

நடு நூற்றாண்டுச் சித்திரங்களின் மேல் நிறம் பிரிக்கப் போட்ட அசிட்டேட் ஃபிலிம் சில சமயம் ஒட்டியிருக்கும். வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. பிய்க்காமல் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுத்துப் பிரித்து, தனி உறையில் வேறு பெட்டியில் வைக்க வேண்டும். அந்த ஆவி பக்கத்துத் தாளையும் அரிக்கும்.

லினோலியக் கட்டையே கிடைத்துவிட்டால் அது பெரும் பேறு. ஆளிவிதை எண்ணெய் காலத்தில் இறுகி, கட்டை பிஸ்கட்போல் நொறுங்கும். தட்டையாக, வெயிலும் சூடும் படாமல் வையுங்கள். செதுக்கிய பள்ளங்களில் உறைந்திருக்கும் பழைய மையைச் சுரண்ட வேண்டாம், கரைப்பானும் தொட வேண்டாம். ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். உருளையின் அழுத்தத்தில் மெல்லிய கோடுகள்தான் முதலில் உடையும். கட்டையைச் சாய்ந்த ஒளியில் படமெடுத்து, கணினியில் இடவலம் திருப்பிப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள படம் அப்படியே தெரியும்.